போத்தலின் அடியிலுள்ள வடுவுக்கு ஒரு சொல் வேண்டும் (வெள்ளிக்குள்)

அன்பர்களுக்கு வணக்கம்.

ஹட்டன் பக்கம் ஒரு பாடசாலையில் பழைய தேயிலைத் தோட்டப் பங்களாச் சாமான்களைக் காட்சிக்கு வைக்கிறோம். பங்களாக்களின் பின்கட்டிலும் குப்பைக் குழியிலும் கிடைத்த கண்ணாடிதான் அதிகம். மது ஊற்றிவைக்கும் டிக்கான்டர், வைன் கிளாஸ், லாம்புச் சிமினி, ஹைரம் கொட் 1870களில் ஆக்கவுரிமை பெற்ற அந்தப் போளை போட்ட சோடாப் போத்தல். மும்மொழியிலும் அட்டை எழுதவேண்டும். சிங்களமும் ஆங்கிலமும் முடிந்துவிட்டன. தமிழ், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஒரே ஒரு சொல்லில் நிற்கிறேன்.

ஊதிச் செய்த பாத்திரத்தைக் கவிழ்த்து அடியில் பெருவிரலை வைத்தால், நடுவில் முரடாக ஒரு வட்டம் தட்டுப்படும். பொண்டில் மார்க் என்பார்கள். ஊதும்போது பாத்திரத்தின் வாய்ப்பக்கம் ஊதுகுழலோடு ஒட்டியிருக்கும். வாயைச் சீர்செய்ய வேண்டுமானால் குழலைக் கழற்றியாக வேண்டும். அதற்காக இன்னொரு இரும்புக் கம்பியை உருகிய கண்ணாடித் துளியால் அடியில் ஒட்டிப் பிடித்துக்கொள்வார்கள். வேலை முடிந்ததும் ஒரு தட்டு. கம்பி கழன்றுவிடும், வடு நின்றுவிடும்.

‘அடித்தழும்பு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். சரிதானே?

— ஹட்டன்

*

சேர், சரியில்லை. ‘அடித்தழும்பு’ என்றால் எங்கள் பாட்டிக்குக் கங்காணியின் பிரம்பு பட்ட தழும்புதான் ஞாபகம் வரும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வைக்கும் கண்காட்சியில் துரை வீட்டு டிக்கான்டருக்குப் பக்கத்தில் அந்தச் சொல் வேண்டாம்.

— பதுளை

*

> ‘பொண்டில்’ என்பார்கள்

‘பொன்ரில்’ என்றல்லவா எழுதவேண்டும்? நீங்கள் எழுதினதில் ஓர் எழுத்துப் பிசகினால் ‘பெண்டில்’ ஆகிவிடும். பிறகு யார் பெண்டிலின் தழும்பு என்று கேட்பார்கள்.

கிடக்கட்டும். தமிழில் சொல் இருக்கிறது: கொப்பூழ். ‘மாயோன் கொப்பூழ் மலர்ந்த தாமரைப் பூவொடு புரையும் சீரூர்’ என்று பரிபாடலிலே மதுரையைச் சொல்கிறது. நடுவிலே சுழித்து நிற்கும் பள்ளத்துக்கு இதைவிட நல்ல சொல் கிடையாது. பொன்ரில் என்பதே ‘பொந்து’ என்ற தமிழ் வேரிலிருந்து போனதோ என்று எனக்கொரு ஐயமும் உண்டு. பொந்து, பொத்து, பொத்தல், போத்தல்! விரிவாக நாளை எழுதுகிறேன்.

— யாழ்ப்பாணம்

*

ஐயா, நாளை எழுதவேண்டாம். பிரெஞ்சுச் சொல் அது. இத்தாலியனில் புள்ளியைக் குறிக்கும் ‘புந்தோ’வோடு சேர்த்துத்தான் வழக்கமாகச் சொல்வார்கள். ‘போத்தல்’ ஐரோப்பியர் கொண்டுவந்தது. பொந்துக்குள் எல்லாவற்றையும் தள்ளினால் எப்படி?

அப்புறம், எங்கள் வீட்டில் டீக்கு ‘டீ’தான், ‘ரீ’ இல்லை. மலையில் பொண்டில்தான்.

— ஹட்டன்

*

நான் தலவாக்கலை. தாத்தா கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டின இடத்தில் வட்டமாக ஒரு வடு நிற்கும். போத்தல் அடியில் இருப்பதும் அச்சு அசல் அதே போலத்தான். ‘கவ்வாத்து வடு’ என்று போடுங்கள். மலையகத்துப் பிள்ளைக்கு விளக்கமே தேவையில்லை.

*

கவாத்து அரபுச் சொல். படைப் பயிற்சிக்கு வந்த பெயர். கலைச்சொல் ஆக்குகிறோமா, கதம்பம் கட்டுகிறோமா?

— யாழ்ப்பாணம்

*

ஐயா, கொழும்பிலிருந்து வந்த சொற்றொகுதிகளில் ‘ஒட்சிசன்’ எழுதிப் பரீட்சை பாஸானவர்கள்தான் நாம் எல்லோரும். மலையில் கைக்கத்தி பிடித்தவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் சொல்லுக்கு மட்டும் பிறப்புச் சான்றிதழ் கேட்கிறீர்களே.

— தலவாக்கலை

*

சண்டைக்கு நடுவில் சாமானையும் ஒருதரம் பாருங்கள். நான் இருபது வருடமாகப் போத்தல் பொறுக்குகிறவன்.

கவ்வாத்து என்பது வெட்டு. இது வெட்டு அல்ல, முறிவு. அதனால்தான் விளிம்பு கையைக் கீறுகிறது. வெட்டின வடு வேறே இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வந்த ஓவன்ஸ் இயந்திரம் உருகிய கண்ணாடியை அச்சுக்குள் உறிஞ்சி எடுக்கும். கீழே ஒரு கத்தி அதை அறுக்கும். அந்தப் போத்தல்களின் அடியிலும் ஒரு வட்டம் இருக்கும், பெரும்பாலும் நடுவை விட்டு விலகி, ஓரம் இறகு போலச் சிலும்பி. புதிதாகச் சேர்க்கிறவர்கள் இதைப் பார்த்துத்தான் ஏமாறுகிறார்கள். நானும் ஒருமுறை கண்டியில் ‘ஊதின போத்தல்’ என்று நம்பி வாங்கினேன். பஸ்ஸில் வரும்போது வெளிச்சத்தில் பிடித்தால், அச்சின் தையல்கோடு உடம்பில் ஏறி உதட்டையும் தாண்டிப் போகிறது! முழுக்க இயந்திரம். கவ்வாத்து என்ற சொல்லை அந்த வட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அழகாகப் பொருந்தும்.

‘ஊதுகோல் வடு’ என்று யாரும் கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன், இது ஊதின குழலின் வடு அல்ல, தாங்கின கம்பியின் வடு. ‘பழமைக்குறி’யும் வேண்டாம். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே அடியைக் கவ்விப் பிடிக்கும் கருவி வந்துவிட்டது, அதில் வடு விழாது. இன்றைக்கு ஊதிச் செய்கிற பூச்சாடியிலோ வடு உண்டு.

என் வாக்கு: ‘தாங்குகோல் வடு’.

— பண்டாரவளை

*

தாங்குகோல் என்றதும் ஊன்றுகோல்தான் மனதுக்கு வருகிறது, அண்ணே. கொப்பூழை விடமாட்டேன் என்கிற ஐயா சொல்வதில் ஒன்று இருக்கிறது. யோசித்துப் பாருங்கள். வாய் உருவாகும்வரை பாத்திரம் அந்தக் கம்பியில்தான் தொங்குகிறது. உருவானதும் அறுபடுகிறது. அது தொப்புள்கொடிதானே? (மேடைப் பேச்சுத் தொப்புள்கொடி அல்ல, உண்மையான தொப்புள்கொடி.) ‘தொப்புள் வடு’ என்று எழுதுங்கள்.

— பதுளை

*

கொப்பூழ்! தொப்புள் அதன் சிதைவு. வேண்டுமானால் ‘சுட்ட வடு’ என்றாவது வையுங்கள், ‘தீயினாற் சுட்டபுண் உள்ளாறும்’.

— யாழ்ப்பாணம்

*

குறளிலே உள்ளாறிவிடுகிறதே ஐயா, இது ஆறுவதில்லை.

சென்னையிலிருந்து ஒரு நண்பர் தனிமடலில், இன்னொரு அட்டையில் நான் எழுதிய ‘கழியூதா விளக்கு’ பிழை, ‘புறவூதா’தான் சரி என்கிறார். யுரேனியம் கலந்த கண்ணாடி அந்த விளக்கில் பச்சையாக ஒளிர்வது பற்றிய அட்டை அது. இங்கே பாடப்புத்தகத்தில் படித்தது கழியூதா, அதை மாற்றப்போவதில்லை. இந்த இழையில் அதைத் தொடங்கவும் வேண்டாம், தயவுசெய்து.

நேற்று ஒன்பதாம் வகுப்பில் டிக்கான்டரைக் கவிழ்த்துக் கொடுத்துப் பார்த்தேன். ‘தொப்புள் வடு’ என்றதும் பின்வரிசை முழுக்கச் சிரிப்பு. ‘கொப்பூழ்’ என்றதும் யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் யாருக்கும் புரியவில்லை. ‘தாங்குகோல் வடு’ என்றதும் ஒரு பிள்ளை, “எந்தக் கோல் சேர்?” என்று கேட்டது. நல்ல கேள்வி, ஆனால் பதில் சொல்ல அட்டையில் இடமில்லை.

— ஹட்டன்

*

இதுவரை தொப்புளுக்கு நான்கு, தாங்குகோலுக்கு இரண்டு, கொப்பூழுக்கு ஒன்று. நான் கவ்வாத்தை இயந்திரப் போத்தலுக்கு விட்டுக்கொடுத்து, தொப்புள் பக்கம் வந்துவிட்டேன். தூக்கம் வருகிறது.

— தலவாக்கலை

*

என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். ‘கொப்பூழ்’ அடைப்புக்குறிக்குள்ளாவது?

— யாழ்ப்பாணம்

*

ஒரு கேள்வி. நல்ல சாமான்களில் அந்த முறிவைச் சாணைபிடித்து வழவழப்பான குழியாக்கி விடுவார்களே? உங்கள் வைன் கிளாஸ்கள் பாதி அப்படித்தான் இருக்கும். அங்கே வடுவே இல்லை. அதற்கு என்ன எழுதினீர்கள், சாணைபிடித்த தொப்புள் என்றா?

— பண்டாரவளை

*

அண்ணே, அச்சுக்குப் போய்விட்டது. டிக்கான்டருக்குத் ‘தொப்புள் வடு’. வைன் கிளாஸுக்கு ‘அடியில் வழவழப்பான சிறு குழி’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அடைப்புக்குறி இரண்டிலும் இல்லை.

— ஹட்டன்