மறு: ஸ்கேன் செய்த பழைய பத்திரிகைக்கு ‘மின்னிதழ்’ வேண்டாம், ‘மின்படி’ என்போம்

அனைவருக்கும் வணக்கம்.

> மின்னிதழ் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிற சொல்தானே, புதிதாக எதற்கு ஒன்று?

புழக்கத்தில் இருப்பதுதான் சிக்கலே. இணையத்திலேயே பிறந்து இணையத்திலேயே வருகிற பத்திரிகையை மின்னிதழ் என்று சொல்லிப் பழகிவிட்டோம். 1951ஆம் வருடத்துக் ‘குண்டூசி’ சினிமாப் பத்திரிகையை யாரோ ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கி ஏற்றினால் அதற்கும் அதே பெயரா? அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தச் சொல் அந்தக் கோப்பையே முழு இதழ் என்று நம்பவைத்துவிடுகிறது, பெரிய வம்பு அங்கேதான்.

சினிமா வரலாறு தேடுகிறவர்களை இது நேராக உதைக்கும். 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியான, தமிழின் முதல் பேசும் படம் என்கிற ‘காளிதாஸ்’ படத்துக்கு இன்று ஒரு பிரிண்ட்கூடக் கிடையாது. விளம்பரம், பாட்டுப் புத்தகம், அன்றைய பத்திரிகைக் குறிப்பு இவற்றை வைத்துத்தான் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். எந்தத் தியேட்டரில் எத்தனை வாரம் ஓடியது, யார் விநியோகம், முதலில் அறிவித்த பெயர் என்ன என்பதெல்லாம் கட்டுரைகளில் அதிகம் கிடைக்காது, விளம்பரப் பக்கத்தில்தான் கிடைக்கும். நம் பைண்டர்கள் முதலில் உருவிப் போட்டதும் அந்தப் பக்கங்களைத்தான்! அட்டையும் விளம்பரத் தாளும் போய், ஆறு மாத இதழ்கள் ஒரே தொகுதியாகத் தைக்கப்பட்டு, முதுகில் காலிக்கோ துணி ஒட்டி அலமாரிக்குப் போயிருக்கும். வீடுகளில் தொடர்கதையை மட்டும் கிழித்து எடுத்து பைண்டு செய்து வைத்த கதை எல்லோருக்கும் தெரியும். அப்படி ஒரு தொகுப்பின் ஸ்கேனைப் பார்த்தேன், கதை தொடங்குகிற தாளின் முன்பக்கத்தில் ஒரு சினிமா விமர்சனத்தின் பின்பாதி மட்டும் இருந்தது. கதாநாயகியின் பாட்டைப் புகழ்ந்து, ஒலிப்பதிவைத் திட்டி முடிகிறது. படத்தின் பெயர் முந்தைய தாளோடு பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டது.

இந்த நிலையில் ‘மின்னிதழில் விளம்பரம் இல்லை’ என்று ஒருவர் ஆய்வுக் கட்டுரையில் எழுதினால், இதழிலேயே இல்லையா, ஸ்கேனுக்குக் கிடைத்த தொகுதியில் இல்லையா?

மின்படி என்றால் இந்தக் கேள்வி தானாக வரும், படி என்பது நகல்தானே. ஓலைப்படி, கையெழுத்துப்படி, அச்சுப்படி என்று ஒரு வரிசை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. உ.வே.சா. ஊர் ஊராக அலைந்து ஒரே நூலுக்குப் பல ஏட்டுப் படிகளைச் சேர்த்தது, ஒன்றில் செல்லரித்த இடம் இன்னொன்றில் இருக்கும் என்பதால்தான். அதே மாதிரி ‘தரமணி ரோஜா முத்தையா நூலகத்து மின்படி’, ‘கோட்டூர்புரம் தமிழ் இணையக் கல்விக்கழகத்து மின்படி’ என்று எந்தப் படி என்பதையும் சேர்த்தே எழுதலாம். வினையும் தொல்லையில்லை, மின்படியெடுத்தல்.

> மின்படி என்றால் மெட்ரோ ஸ்டேஷன் எஸ்கலேட்டர் மாதிரி இருக்கிறதே. ‘எண்ணிம (டிஜிட்டல்) இதழ்’ போதாதா?

சிரித்துவிட்டேன். பஞ்சப்படி, பயணப்படி வாங்குகிறவர்கள் இதுவும் ஒரு அலவன்ஸ் என்று கிளம்பாமல் இருந்தால் சரி. மின்விசிறியிலும் மின்னஞ்சலிலும் ஒரே மின்தான், யாரும் குழம்பவில்லை. எண்ணிம இதழில் ‘இதழ்’ அப்படியே உட்கார்ந்திருக்கிறதே, என் புகாரே அதன்மேல்தான்.

அப்புறம், கணினி அந்தப் பக்கங்களைப் படித்துத் தருகிற எழுத்தை இதோடு கலக்க வேண்டாம். அதற்கு ‘எழுத்துணரி உரை’ போதும். 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் வரை பெரும்பாலான பத்திரிகைகள் (பெரியாரின் ‘குடி அரசு’, ‘விடுதலை’ வேறு கதை, அவை முன்பே மாறிவிட்டன) ணா, னை போன்றவற்றைப் பழைய வடிவில்தான் அச்சடித்தன. நடிகை கண்ணாம்பா பெயரில் அந்த ணா இருக்கிறது, சென்னையிலேயே அந்த னை இருக்கிறது! மென்பொருள் அங்கே எதையாவது உளறி வைக்கும். பெயரைத் தட்டினேன், வரவில்லை, ஆகவே அந்த வருடம் அவரைப் பற்றி யாரும் எழுதவில்லை என்று முடிவுகட்டுகிறவர்களை என்ன செய்வது? முப்பதுகளின் பத்திரிகையில் ‘திரைப்படம்’ என்று தேடுவதும் இதே ரகம்தான். டாக்கி, பயாஸ்கோப் என்று தேடிப் பாருங்கள், கொட்டும்.

ஒன்றுக்கு மட்டும் எனக்கு விடை இல்லை. இரண்டு மூன்று மின்படிகளிலிருந்து பக்கம் பொறுக்கி ஒரு முழு இதழாக்கினால் அதை எப்படிக் கூப்பிடுவது? ‘கூட்டுப்படி’ கௌரவமாக இருக்கிறது, ஆனால் எனக்கு ‘ஒட்டுப்படி’தான் பிடிக்கிறது, ஒட்டுப்போட்டது பெயரிலேயே தெரியும். தங்கள் பட்டியலில் அப்படிப் போட நூலகங்கள் சம்மதிக்குமா? அட்டவணைப் பணியில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.