படகு நின்றது, வண்டி மாறியது

போன தை மாதம் நடந்தது. நெரிஞ்சிப்பேட்டைக்கும் பூலாம்பட்டிக்கும் நடுவே காவிரியில் படகு ஓட்டுகிற என் மாமா, பவானிசாகர் பக்கம் 18 அடி பைபர் படகு ஒன்றைப் பழசாக வாங்கினார். கூடவே இரண்டு சக்கர டிரெய்லரும் கொடுத்தார்கள். சத்தி, டி.என்.பாளையம் எல்லாம் தாண்டிவிட்டோம். கள்ளிப்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால் வலது சக்கரத்தில் கீச்சென்று சத்தம். வண்டியை ஓரம் கட்டுவதற்குள் பேரிங் நொறுங்கி, ஆக்சிலும் வளைந்துவிட்டது.

சக்கரத்தின் நடுவே பேரிங் உட்காரும் ஹப்பில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. உள்ளே கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் துருத்தண்ணீர்! படகை இறக்கும்போது டிரெய்லரையும் தண்ணீருக்குள் விடுவார்கள் அல்லவா? ஓடிவந்த சூட்டோடு ஹப் நனைந்தால், உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கிளம்பும் முன் கழற்றிப் பார்த்து கிரீஸ் வைத்திருக்க வேண்டும். அது எங்கள் தப்புதான்.

பக்கத்து மஞ்சள் காட்டில் இருந்த பெரியவர் தன் டிராக்டரையும் அதன் பெட்டியையும் தருகிறேன் என்று வந்தார். இரண்டு வண்டியையும் பின்னோடு பின் சேர்த்துக் கயிறு போட்டுப் படகை இழுத்துவிடலாம் என்றார் மாமா. பெரியவர் சம்மதிக்கவில்லை. "இழுத்தா அடி கிழிஞ்சு போயிருமுங்க தம்பி. படகு அப்படியே நிக்கோணும், வண்டிதான் மாறோணும்."

வாய்க்கால் வேலைக்கு வந்திருந்த ஜேசிபியை அவரே கூட்டிவந்தார். முதலில் இன்ஜினைக் கழற்றி இறக்கினோம். படகுக்குள் ஒரு சாண் மழைத்தண்ணீர் நின்றது. அடைப்பானைத் திறந்து அது முழுக்க வடியும்வரை காத்திருந்தோம். தூக்கும்போது அந்தத் தண்ணீர் ஒரு பக்கம் ஓடினால் படகே கவிழ்ந்துவிடும். அப்புறம் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு பெல்ட். மூக்குப் பக்கம் நழுவாமலிருக்க இரண்டையும் கயிற்றால் பிணைத்தோம். பெல்ட் இறுகினால் விளிம்பு உள்ளே நசுங்கும் என்பதால் குறுக்கே ஒரு பலகையை முட்டுக் கொடுத்தோம். பெரியவர் வீட்டிலிருந்து பழைய பவானி ஜமக்காளம் ஒன்று வந்தது. நாலாக மடித்து பெல்ட்டுக்கு அடியில் வைத்தோம்.

படகு ஒரு முழம் எழும்பியதும் நாலு பேர் உடைந்த டிரெய்லரை உருவி எடுத்தார்கள். பிறகு டிராக்டர் பெட்டி உயரத்துக்குத் தூக்கினார்கள். அந்த நேரத்தில் ஒருவரையும் அடியில் போக விடவில்லை பெரியவர். டிராக்டர் பின்னால் வந்து நின்றது. பழைய டயரும் வைக்கோலும் பரப்பிய பெட்டியில் படகு மெல்ல உட்கார்ந்தது. மாமா அப்போதுதான் தண்ணீரே குடித்தார். வெளியே நீட்டிய பகுதியில் சிவப்புத் துணி கட்டி, அத்தாணி வழியாக ஆமை வேகத்தில் வீடு வந்து சேர்ந்தோம்.

டீசல் காசைத் தவிர வேறெதுவும் அவர் வாங்கவில்லை. மறுவாரம் ஜமக்காளத்தைத் துவைத்து எடுத்துக்கொண்டு போனோம். அந்த வீட்டு அம்மா வாங்கி விரித்து, எங்களை அதிலேயே உட்காரவைத்துச் சோறு போட்டார்கள்.