கேப்சர் என்எக்ஸ் 2-ஐ முடித்தது விண்டோஸ் 10 இல்லை

கச்சாக்கோப்பு:
"புது இயங்குதளம் வந்தால் கேமரா நிறுவனத்தின் பழைய மென்பொருள் சாவது இயல்பு. கேப்சர் என்எக்ஸ் 2-ஐ விண்டோஸ் 10 தான் முடித்தது" என்று மூன்றாம்கண் நேற்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. என்எக்ஸ் 2 என்பது நிக்கான் கேமராவின் ரா கோப்பை, அதாவது கேமரா பதப்படுத்தாமல் பதிவு செய்த மூலக்கோப்பை, எடிட் செய்யும் நிக்கானின் மென்பொருள். விண்டோஸ் 10 வந்தது 2015 ஜூலையில். நிக்கான் அதற்குப் பதிலாகக் கேப்சர் என்எக்ஸ்-டி-யை வெளியிட்டு என்எக்ஸ் 2-ஐக் கைவிட்டது 2014 ஜூலையில். பிறக்காத இயங்குதளம் எப்படி ஐயா கொலை செய்யும்?

மூன்றாம்கண்:
என்எக்ஸ் 2 எந்தெந்த இயங்குதளத்தில் ஓடும் என்று நிறுவனம் தந்த பட்டியலில் விண்டோஸ் 10 கிடையாது. பட்டியலில் இல்லை என்றால் செத்தது என்றுதான் அர்த்தம். நாள்காட்டியைக் காட்டினால் உயிர் வந்துவிடாது.

கச்சாக்கோப்பு:
என் கணினியில் விண்டோஸ் 10-இல் ஓடுகிறது. இதை எழுதும்போதும் திறந்துதான் இருக்கிறது. அந்த மென்பொருளால் முடியாமல் போனது புதுக் கேமராவின் ரா கோப்பைப் படிப்பதுதான். 2014-இல் வந்த நிக்கான் டி810 கேமராவின் கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 7 போட்டாலும் என்எக்ஸ் 2 அதைத் திறக்காது. அந்தப் பகுதியை எழுதித் தராதது யார்? மைக்ரோசாஃப்டா?

மூன்றாம்கண்:
உங்கள் ஒரு கணினியில் ஓடினால் உலகம் முழுக்க ஓடுகிறதா? பட்டியலில் இல்லை.

இருட்டறைவாசி:
மேக் பக்கமும் பாருங்கள். 2019-இல் மேக் இயங்குதளத்தின் கேட்டலினா பதிப்பு வந்ததும் பழைய வகையான 32 பிட் செயலிகள் ஒன்றுகூடத் திறக்கவில்லை. அங்கே இயங்குதளம்தானே குற்றவாளி?

கச்சாக்கோப்பு:
இல்லை. 32 பிட் செயலியைத் திறந்தாலே எச்சரிக்கை காட்டும் வேலையை முந்தைய மேக் பதிப்பான ஹை சியரா 2018-லேயே தொடங்கிவிட்டது. ஒரு வருடத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. அதற்குள் 64 பிட்டுக்கு மாற்றாதவர்கள் மாற்ற விரும்பாதவர்கள். ஆயிரக்கணக்கில் கொடுத்துக் கேமரா வாங்குகிறவனுக்கு அதன் கோப்பைத் திறக்கும் மென்பொருளைப் பராமரித்துத் தருவது தர்மம் இல்லை, கடமை.

திறமூலன்:
எதற்கு இந்தச் சண்டை? ரா கோப்பை எடிட் செய்யும் திறமூல மென்பொருளான டார்க்டேபிள் போடுங்கள். இலவசம், எல்லா இயங்குதளத்திலும் ஓடும்.

கச்சாக்கோப்பு:
சரி, போடுகிறேன். என்எக்ஸ் 2-இல் நான் செய்த எடிட் எல்லாம் எங்கே போகும்? என்எக்ஸ் 2 மாற்றங்களை என்இஎஃப் கோப்புக்குள்ளேயே, அதாவது நிக்கானின் ரா கோப்புக்குள்ளேயே, எழுதியது. என்எக்ஸ்-டி தனிக் கோப்பில் எழுதியது. ஒரே நிறுவனம், இரண்டு வழி. படத்தில் ஒரு புள்ளி வைத்து அந்த இடத்தை மட்டும் மாற்றும் கலர் கன்ட்ரோல் பாயின்ட் கருவியால் முகத்தை மட்டும் கொஞ்சம் வெளிச்சமாக்கிய படங்களை டார்க்டேபிளில் திறந்தால் எடிட் செய்யாத மூலப்படம்தான் வரும். என்எக்ஸ்-டி முதலில் வந்தபோது அதிலும் அந்தக் கன்ட்ரோல் பாயின்ட் இல்லை. அந்த நுட்பம் நிக் சாஃப்ட்வேருடையது, அந்த நிறுவனத்தை 2012-இல் கூகுள் வாங்கியது. என்எக்ஸ் 2 கைவிடப்பட்டதற்குக் காரணம் அங்கே இருக்கிறது என்பது என் கணிப்பு. விண்டோஸ் 10-இல் இல்லை.

திறமூலன்:
மூடிய மென்பொருளை நம்பினால் இப்படித்தான். 2005-இலேயே டி2எக்ஸ் கேமராவின் கோப்பில் வெள்ளைச் சமநிலைத் தகவலை (ஒளிக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் அளவை) மற்ற மென்பொருள்கள் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்து வைத்த நிறுவனம் அது. அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

கச்சாக்கோப்பு:
பிக்சர் கன்ட்ரோல், ஆக்டிவ் டி-லைட்டிங் போன்ற நிக்கானின் நிற, வெளிச்ச அமைப்புகள் எல்லாம் கேமராவில் வைத்தபடியே அப்படியே வருகிற இன்னொரு மென்பொருளைக் காட்டுங்கள், அப்புறம் பேசலாம்.

மூன்றாம்கண்:
2021-இல் நிக்கான்காரர்கள் என்எக்ஸ் ஸ்டுடியோ என்ற புது மென்பொருளை இலவசமாகத் தந்தார்கள், கன்ட்ரோல் பாயின்ட்டோடு. அதைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா? போன முறை சென்சார் தூசி விவாதத்திலும் இவர் இப்படித்தான், தனக்குச் சாதகமானதை மட்டும் எடுத்துப் பேசினார்.

கச்சாக்கோப்பு:
தூசி விவாதத்தில் நான் சொன்னது சரி. இங்கேயும் சரி. ஏழு வருடம் கழித்துத் தந்ததை உடனே தந்ததுபோல் பேசாதீர்கள்.

இருட்டறைவாசி:
ஆப்பிளின் சொந்தச் சிப் கொண்ட எம்1 மேக்கில், இன்டெல் சிப்புக்கு எழுதிய செயலிகளை மாற்றி ஓட்டும் ரொசெட்டா வழியாக எத்தனையோ பழைய செயலிகள் ஓடுகின்றன. விண்டோஸ்காரர்கள் கற்றுக்கொள்ளலாம்.

கச்சாக்கோப்பு:
ரொசெட்டாவும் நிரந்தரமில்லை, ஆப்பிளே சொல்லிவிட்டது. அதோடு, 32 பிட் செயலி அதிலும் ஓடாது. இந்த விவாதம் மேக்கைப் பற்றியும் இல்லை.

மூன்றாம்கண்:
விண்டோஸ் 10-க்கான ஆதரவே 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அதில் ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன? பட்டியலில் இல்லை.

கச்சாக்கோப்பு:
2014 ஜூலை. 2015 ஜூலை. இதில் எது முதலில் வந்தது என்று மட்டும் பதில் சொல்லுங்கள். வேறெதுவும் கேட்கவில்லை.

மூன்றாம்கண்:
பட்டியலைப் படியுங்கள்.