ஸ்கோப்பஸில் 6, கூகுள் ஸ்காலரில் 9: விண்ணப்பத்தில் எதை எழுதுவது?

கேள்வி: சமூக மருத்துவத் துறை ஆசிரியை, சென்னை

வணக்கம். ஆய்வு நிதி கோரும் விண்ணப்பம் ஒன்றில் எச் இன்டெக்ஸ் (குறைந்தது ஆறு மேற்கோள் பெற்ற கட்டுரைகள் ஆறு இருந்தால் 6), மொத்த மேற்கோள்கள் (பிற கட்டுரைகள் நம் கட்டுரைகளைச் சுட்டிய எண்ணிக்கை) ஆகிய இரண்டையும் கேட்டிருக்கிறார்கள். மேற்கோள்களை எண்ணும் எந்தத் தளத்தின்படி என்று குறிப்பிடவில்லை. ஸ்கோப்பஸ் எனக்கு 6 என்கிறது, கூகுள் ஸ்காலர் 9 என்கிறது. திருமணத்துக்கு முன் அப்பாவின் இனிஷியலோடு நான் எழுதிய நான்கு கட்டுரைகள் ஸ்கோப்பஸில் வேறு யாருடையவோ போலத் தனியே கிடக்கின்றன.

மனத்தை உறுத்துவது இன்னொன்று. பல நாடுகள் சேர்ந்து நடத்திய ஓர் ஆய்வுக்கு எங்கள் துறையின் தரவைத் தொகுத்துக் கொடுத்தேன். நூற்றுக்கணக்கான ஆசிரியர்களில் ஒருத்தியாக என் பெயர் இடம்பெற்ற அந்தக் கட்டுரைக்கு 412 மேற்கோள்கள். வியாசர்பாடியில் ஆட்கள் வேலை முடிந்து வீடு திரும்பும் மாலை ஏழு மணிக்குமேல் தெருத்தெருவாகச் சென்று, ஒவ்வொருவரையும் ஐந்து நிமிடம் உட்காரவைத்த பிறகே ரத்த அழுத்தம் அளந்து நாங்கள் எழுதிய கட்டுரைக்கு மூன்றே மேற்கோள்கள். இரண்டையும் ஒரே பட்டியலில் எப்படி வைப்பது?

ஸ்கோப்பஸில் என் கணக்கில் உள்ள கட்டுரைகளின் மேற்கோள்கள்: 412, 33, 21, 12, 9, 7, 6, 3. தனியே கிடப்பவை: 14, 8, 5, 2.

பதில் 1: மருத்துவ நூலகர், கீழ்ப்பாக்கம்

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். ஒரு தளம் எந்தெந்த வெளியீடுகளை எண்ணுகிறது என்பதைப் பொறுத்தே எண் மாறுகிறது. ஸ்கோப்பஸ் தான் தேர்ந்தெடுத்த ஆய்விதழ்களையும் மாநாட்டுத் தொகுப்புகளையும் நூல்களையும் எண்ணுகிறது. கூகுள் ஸ்காலரோ பட்ட ஆய்வேடு, முன்வெளியீடு, அரசு அறிக்கை எனக் கண்ணில் பட்ட எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்கிறது. பிறருடைய கட்டுரையையும் சில சமயம் நம் கணக்கில் போட்டுவிடும். எனவே எண்ணுக்குப் பக்கத்தில் தளத்தின் பெயரையும் பார்த்த தேதியையும் எழுதுங்கள். இவை இல்லாத எச் இன்டெக்ஸை யாராலும் சரிபார்க்க முடியாது.

நான்கு கட்டுரைகளையும் உங்கள் பெயரில் இணைக்குமாறு ஸ்கோப்பஸுக்கு இன்றே கோரிக்கை அனுப்புங்கள். இணைந்தபின் மேற்கோள்களை இறங்குவரிசையில் அடுக்கினால் ஏழாவது கட்டுரைக்கு 8, எட்டாவதற்கு 7 வரும். ஆக உங்கள் எச் இன்டெக்ஸ் 7. இனிஷியல் குழப்பம் நம் ஊரில் பலருக்கும், குறிப்பாகப் பெண்களுக்கு, நேர்வதுதான். 2012இல் தொடங்கிய ஓர்கிட் அமைப்பு ஆய்வாளர்களுக்குத் தரும் பதினாறு இலக்க அடையாள எண் பெயர் மாறினாலும் மாறாது. அதை இலவசமாகப் பெற்று, பழைய கட்டுரைகளையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

பதில் 2: உயிரியல் புள்ளியியலாளர், தரமணி

மேடம், 412ஐ எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மொத்த மேற்கோள்கள் 532இலிருந்து 120ஆகச் சரிகின்றன. எச் இன்டெக்ஸ் அப்போதும் 7தான். 2005இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த இந்த அளவீட்டில், ஒரு கட்டுரைக்கு எத்தனை மேற்கோள் குவிந்தாலும் அது குறியீட்டை ஒன்றுக்குமேல் உயர்த்தாது. அதனால் மொத்த எண்ணிக்கையைக் கேட்கும் இடத்தில் இரண்டு எண்களையும் கொடுத்து, 412 எந்த ஆய்வுக்கு உரியது, அதில் உங்கள் பங்கு என்ன என்று ஒரு வரி எழுதிவிடுவதே நேர்மை என்பேன்.

துறைக்குத் துறை மேற்கோள் வழக்கம் வேறுபடுவதையும் கவனிக்க வேண்டும். புற்றுநோய் மூலக்கூறு ஆய்வையும் தெருவில் எடுத்த கணக்கெடுப்பையும் ஒரே எண்ணால் ஒப்பிடுவது தவறு. இதற்காகவே அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் ஐசைட் தளம், பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளத்தில் உள்ள ஒவ்வொரு கட்டுரையையும் அதே துறைக் கட்டுரைகளோடு ஒப்பிட்டு ஒரு விகிதம் தருகிறது. அந்நிறுவனங்களின் நிதியில் வெளியான கட்டுரைகளின் இடைநிலை அளவு 1.0. இம்பாக்ட் ஃபேக்டரை மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். அது ஆய்விதழின் முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகளுக்கான சராசரி மேற்கோள் எண்ணிக்கை; உங்கள் கட்டுரையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. தனி ஆய்வாளரை அதைக்கொண்டு எடைபோடக் கூடாது என்பதுதான் 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான, ஆய்வு மதிப்பீடு குறித்த டோரா பிரகடனத்தின் மையக் கருத்து.

பதில் 3: ஓய்வுபெற்ற காசநோய் ஆய்வாளர், சேத்துப்பட்டு

அம்மா, 1956இல் எங்கள் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், வீட்டிலிருந்தே மருந்து உண்ட நோயாளிகளையும் சானடோரியத்தில் சேர்க்கப்பட்டவர்களையும் ஒப்பிட்டு, இரண்டிலும் பலன் ஏறக்குறைய ஒன்றே என்று 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியிட்டது. காசநோய்க்கு வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடுவது இன்று உலகம் முழுவதும் இயல்பான நடைமுறை. அதை எழுதும் எவரும் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டத் தேவையில்லாத அளவுக்கு அது பொது அறிவாகிவிட்டது. உங்கள் மூன்று மேற்கோள்களைப் பார்த்துத் தயங்காதீர்கள். அந்தக் கணக்கெடுப்பால் வியாசர்பாடியில் ஏதேனும் மாறியதா? மாறியிருந்தால் அதை ஆதாரத்தோடு எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. ஸ்கோப்பஸுக்குக் கோரிக்கை அனுப்பிவிட்டேன். மொத்த மேற்கோள்களில் 532, 120 இரண்டையும் விளக்கத்தோடு தருகிறேன். ஐயா கேட்டதற்குப் பதில்: கணக்கெடுப்புக்குப் பிறகு அப்பகுதியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் இரண்டு நாள் மாலை நேர ரத்த அழுத்தப் பரிசோதனையைத் தொடங்கினார்கள். எங்கள் அறிக்கையைக் குறிப்பிட்டு மருத்துவ அலுவலர் அப்போது எழுதிய கடிதம் பழைய கோப்பில் இருந்தது. அதை ஸ்கேன் செய்து இணைப்பாக வைக்கிறேன்.