மறு: பட்டடைக்கு அடியில் நிற்பதை என்னவென்று சொல்வது? 'பட்டடைமணை' – என் பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

கொல்லர்கள் பழுத்த இரும்பை வைத்து அடிக்கும் பட்டடைக்கு (அன்வில்) அடியில் நிற்கும் அமைப்புக்கு, அதாவது அன்வில் ஸ்டாண்டுக்கு, நம் சொல்லடைவில் என்ன தமிழ்ச்சொல் வைப்பது என்ற இழையை முதலிலிருந்து படித்துவிட்டு எழுதுகிறேன். இதுவரை வந்தவற்றில் நான்கு பரிந்துரைகள் களத்தில் நிற்கின்றன: பட்டறைத் தாங்கி, பட்டடைப் பீடம், அடிமேடை, அப்புறம் அப்படியே அன்வில் ஸ்டாண்டு. ஐந்தாவதாக நான் வைப்பது 'பட்டடைமணை'. இந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்பதைப் பற்றி இழையில் யாரும் அதிகம் பேசவில்லை. அதைப் பேசினால் சொல் தானாக வந்து நிற்கும் என்பது என் எண்ணம். அதனால் மடல் கொஞ்சம் நீளம்.

> முதலில் அன்விலுக்கே ஒரு சொல் முடிவாகவில்லையே?

அது எப்போதோ முடிவான விஷயம். பட்டடைதான். 821ஆம் குறளில் 'எறிதற்குப் பட்டடை' என்று வருகிறது. உள்ளே ஒட்டாமல் வெளியே மட்டும் கூடியிருப்பவரின் நட்பை, சமயம் பார்த்து அடிக்க உதவும் பட்டடை என்கிறார். சங்கப் பாட்டில் 'உலைக்கல்' உண்டு. குறுந்தொகை 12இல் வெயிலில் கிடக்கும் பாறைக்கு உவமை அது. புறநானூறு 170இல் இன்னும் நேரடியாக, கொல்லன் விசைத்து எறியும் கூடத்தோடு பொருது நிற்கும் உலைக்கல். கூடம் என்றால் சம்மட்டி. அடியை எதிர்த்து நிற்பது என்ற கருத்தை அந்த இரண்டு வரி எவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிடுகிறது! ஆனாலும் இன்றைய எஃகு வார்ப்புக்கு 'கல்' என்ற ஈறு படிப்பவரைக் கொஞ்சம் திசைதிருப்பும். நடுச்செவியின் சிற்றெலும்புக்குப் பட்டடை எலும்பு என்ற வழக்கும் இருப்பதால் பட்டடையே எல்லாத் துறைக்கும் பொருந்தும்.

'பட்டறை' வேண்டாம். பேச்சில் பட்டடையைப் பட்டறை என்பவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எழுத்தில் பட்டறை என்றால் வேலை நடக்கும் இடம் என்றுதான் இன்று எல்லாரும் படிக்கிறார்கள். பயிற்சிப் பட்டறை வரைக்கும் அந்தப் பொருள் போய்விட்டது. 'பட்டறைத் தாங்கி' என்று படிப்பவர் கூரையைத் தாங்கும் தூணை நினைத்துக்கொள்ளக்கூடும்.

> தாங்கி என்பது எளிமையாக இருக்கிறதே, அது போதாதா?

தாங்கி நல்ல சொல்தான் ஐயா. ஆனால் இயந்திரவியலில் அது பேரிங்குக்குப் போய் நிலைத்துவிட்டது. பந்துத் தாங்கி, உருளைத் தாங்கி என்று நூல்களில் இருக்கிறது. அதைவிடப் பெரிய காரணம் வேலை சார்ந்தது. தாங்கி என்றால் மேலே இருப்பதன் எடையைச் சுமப்பது. இங்கே எடையைச் சுமப்பது மிகச் சிறிய வேலை. 50, 70 கிலோ பட்டடையைச் சுமக்க ஒரு சாதாரண மேசையே போதும். அந்த மேசைமேல் வைத்துப் பழுத்த இரும்பை அடித்துப் பாருங்கள். ஒவ்வொரு அடிக்கும் பலகை கீழே வளைந்து மேலே எழும்பும், பட்டடை இடம் மாறிக்கொண்டே போகும். இரும்பை நசுக்க வேண்டிய விசையில் ஒரு பங்கு பட்டடையை ஆட்டுவதற்கே செலவாகிவிடும். சுத்தியல் எகிறித் திரும்பாமல் செத்து விழும்; அடுத்த அடிக்கு அதைக் கை தூக்க வேண்டியிருக்கும். கொஞ்ச நேரத்தில் தோள் சொல்லிவிடும்.

ஆக, பட்டடையை ஆடவிடாமல் பிடித்துக்கொள்வதுதான் இதன் முதல் வேலை. இறுகப் பிணைத்துவிட்டால் இதன் எடையும் ஓரளவு பட்டடையோடு சேர்ந்துகொள்ளும். சுத்தியலின் எடையைப் போல ஐம்பது மடங்காவது பட்டடை இருக்கட்டும் என்று ஒரு கைக்கணக்கு உண்டு. சின்னப் பட்டடை வைத்திருப்பவர்களுக்கு அடியில் கனமான, இறுக்கமான அமைப்பு இருந்தால் அந்தக் குறை கொஞ்சம் ஈடாகும்.

பீடமும் மேடையும் இதனால்தான் எனக்கு ஒட்டவில்லை. பீடம் உயர்த்தி வைக்க. மேடை பரப்பி வைக்க. இரண்டிலுமே மேலே இருப்பதைப் பிணைத்துப் பிடிக்கும் கருத்து இல்லை.

மணையில் அது இருக்கிறது. அரிவாள்மணையை எடுத்துக்கொள்ளுங்கள். அலகு ஒரு மரத்தில் இறுகப் பொருத்தப்பட்டிருக்கிறது. அலகு நகராது, நாம்தான் பொருளை அலகுக்குக் கொண்டுபோகிறோம். பட்டடை வேலையும் அச்சு அசல் அப்படியே: கருவி நிலையாக நிற்க, வேலைப்பொருள் அதனிடம் வருகிறது. கருவியைப் பொருத்தி, அது அசையாமல் நிற்க உதவும் அடிப்பாகம் என்ற பொருளில் மணை ஏற்கெனவே எல்லார் வாயிலும் இருக்கிறது. புதிதாக யாருக்கும் விளக்க வேண்டாம்.

> மணை என்றால் தாழ்வாக இருக்குமே. இது இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வரை வருகிறதே?

நியாயமான கேள்வி. ஆனால் உயரம் இந்தப் பொருளின் இலக்கணம் இல்லை, அடிப்பவரின் உடம்பைப் பொறுத்தது. செருப்போ பூட்ஸோ, வேலைக்கு எதைப் போடுவீர்களோ அதைப் போட்டுக்கொண்டு நேராக நின்று, கையைத் தொங்கவிட்டு விரல்களை மடக்குங்கள். தரையிலிருந்து விரல்கணு வரை உள்ள உயரம்தான் பட்டடை முகத்தின் உயரம் என்பது பரவலான தொடக்க அளவு. அதிலிருந்து பட்டடையின் சொந்த உயரத்தைக் கழித்தால் மணையின் உயரம். கணு 75 சென்டிமீட்டரில் இருந்து பட்டடை 28 சென்டிமீட்டர் என்றால் மணை 47. உயரமான பட்டடைக்கு மணை தாழ்ந்துவிடும், குட்டையான பட்டடைக்கு உயர்ந்துவிடும். எதிரே ஒருவர் நின்று சம்மட்டி போடும் வேலை அதிகம் என்றால் இன்னும் கொஞ்சம் இறக்கலாம். நுணுக்க வேலைதான் என்றால் ஏற்றலாம், குனிவது குறையும்.

அளவு சரியா என்று இரும்பே காட்டிக்கொடுக்கும். ஒரு பட்டையைப் பழுக்கக் காய்ச்சி, இயல்பாக நின்று வரிசையாக அடித்துவிட்டு, ஆறியதும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பிறை வடிவத் தழும்புகள் உங்களிடமிருந்து தள்ளி இருக்கும் பக்கத்தில், அதாவது சுத்தியலின் தூர விளிம்பால் விழுந்திருந்தால் பட்டடை தாழ்வு; கை மேலே இருந்து சுத்தியல் முன்பக்கமாகச் சாய்ந்து இறங்குகிறது. பிறைகள் உங்கள் பக்கத்து விளிம்பால் விழுந்திருந்தால் பட்டடை உயரம். தழும்பே இல்லாமல் மெல்லிய வட்டக் குழிவுகளாக இருந்தால் உயரத்தைத் தொடாதீர்கள். முதலில் மணையை ஒரு விரல் உயரம் கூடுதலாகவே செய்துகொள்வது நல்லது. மரத்தை அறுத்துக் குறைப்பது எளிது.

இந்த அளவுக்கு 'முட்டி உயரம்' என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். முட்டியை முழங்கால் என்று படிப்பவர்கள்தான் அதிகம். முழங்கால் உயரத்தில் பட்டடையை வைத்து ஒருவர் முதுகைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. 'கணு உயரம்' என்று வைப்போம். கணுக்காலோடு குழம்பும் என்றால் 'விரல்கணு உயரம்'.

சரி, பொதுச்சொல் பட்டடைமணை என்றால் வகைகளுக்கும் அதிலிருந்தே பெயர் கிளைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சொல்லால் பயனில்லை. கிளைக்கிறதா என்று பார்ப்போம்.

கட்டைமணை: ஒரே மரத்துண்டு. நாரோட்டம் மேலும் கீழுமாக நிற்க வேண்டும், அடி நாரின் முனைமேல் விழ வேண்டும். படுக்கை நாரில் வைத்தால் மரம் பிளந்து நசுங்கும். பச்சை மரம் காயக் காய வெடிக்கும், சுருங்கும். அதனால் சுற்றிலும் இரும்புப் பட்டை போட்டால் சுருங்கிய பிறகு மறுபடி இறுக்க வழி வைத்திருக்க வேண்டும். அடிப்பரப்பின் நடுவைச் சற்றுக் குடைந்து மூன்று இடங்கள் மட்டும் தரையில் பதியச் செய்தால் மேடுபள்ளத் தரையிலும் ஆடாது. தரை மண்ணாக இருந்தால் நீளமான கட்டையை ஆழமாகப் புதைத்துவிடுவதுதான் பழைய முறை. ஆடவே ஆடாது, ஆனால் இடம் மாற்றவும் முடியாது.

அடுக்குமணை: நல்ல அகலத்தில் ஒற்றை மரம் கிடைக்காதவர்களுக்கு. பலகைகளை அல்லது சதுரச் சட்டங்களை நெட்டாக நிறுத்தி, பசை பூசிச் சேர்த்து, மரைத்தண்டுகளால் இரண்டு திசையிலும் குறுக்கே துளைத்து இறுக்குவது. இரு திசைத் தண்டுகளும் ஒன்றையொன்று முட்டாதபடி உயரத்தை மாற்றித் துளையிட வேண்டும். உலர்ந்த மரம் என்பதால் வெடிப்பு குறைவு. எனக்குப் பிடித்த வகை இதுதான். பட்டடையின் பாதத்துக்கு ஏற்றபடி சில சட்டங்களை இரண்டு சென்டிமீட்டர் உயர விட்டால் பாதம் உட்கார ஒரு பள்ளமும் கிடைத்துவிடும்.

முக்காலிமணை: எஃகுக் குழாய்க் கால்கள், மேலே கனத்த தகடு. 'முக்கால் மணை' என்று எழுதிவிடாதீர்கள், நான்கில் மூன்று பங்கு மணையாகிவிடும். மூன்று கால் எந்தத் தரையிலும் ஆடாது என்பதுதான் இதன் பலம். கால்கள் வெளிப்பக்கமாக 10 முதல் 15 பாகை சாய்ந்திருக்கட்டும். பட்டடையின் ஒரு பக்கம் கூம்பாக நீளும் கொம்பின் நுனியில் அடிக்கும்போது விசை நடுவிலிருந்து விலகி விழும். கால் பரப்பு குறுகலாக இருந்தால் மணை தூக்கிக்கொள்ளும். ரொம்பவும் பரத்தினால் உங்கள் காலே தடுக்கும். கணகணவென்ற சத்தத்தை அடக்கக் குழாய்க்குள் மணல் நிரப்புவார்கள். இங்கே ஒரு எச்சரிக்கை: ஈர மணலை அடைத்து மூடிய குழாயில் வெல்டிங் செய்யக் கூடாது. நீர் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் வெடிக்கும். வெல்டிங் எல்லாம் முடித்து ஆறியபின், மேலே விட்டுவைத்த துளை வழியாக நன்றாகக் காய்ந்த மணலைக் கொட்டி, மரைமூடி போட்டு அடைக்க வேண்டும்.

மணல்மணை: எஃகுப் பெட்டி, உள்ளே மணல், மணல்மேல் தடித்த மரப்பலகை, அதன்மேல் பட்டடை. மணலைக் கூட்டிக் குறைத்தால் உயரம் மாறும். பலர் மாறி மாறி அடிக்கும் இடத்துக்கு இது வசதி.

நான்கும் இயல்பாகவே விழுகின்றன. இதே நான்கைத் தாங்கி வைத்துச் சொல்லிப் பாருங்கள்: 'மணல் தாங்கி' என்றால் மணலைத் தாங்குவது என்றாகிறது. பட்டடையோடு சேரும்போதும் 'மணை'க்கு ஒற்று மிகும் சிக்கல் இல்லை. பட்டடைமணை, அவ்வளவுதான்.

துணைச் சொற்களில் மூன்றை மட்டும் இப்போதைக்கு வைக்கிறேன். பட்டடையின் பாதங்களைப் பிடித்து மணையோடு இறுக்கும் தகடு 'பிடிபட்டை'. இதற்கு வெறும் ஆணி போதாது, அதிர்வில் மெல்ல மேலே ஏறிவிடும். மரையாணியும் நட்டும் போட்டு, வேலைக்கு நடுவே அவ்வப்போது இறுக்க வேண்டும். பாதத்துக்கும் மணைக்கும் இடையில் சிலிக்கான் பசையோ ரப்பர் விரிப்போ போடுவது 'இடைப்படுகை'. நுண்ணிய இடைவெளிகளை அடைத்துவிடும், சத்தமும் இறங்கும். பட்டடையின் இடுப்பைச் சுற்றிய சங்கிலியும் கொம்புக்கு எதிர்ப்புறமான வால்பக்கத்தின் அடியில் ஒட்டிய காந்தமும் சேர்ந்தால் இன்னும் இறங்கும். சத்தம் குறைந்தால் எகிறலும் (அடித்த சுத்தியல் திரும்பி எழும்புவது) குறைந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். ஓசையாகப் போவது மிகச் சிறிய பங்கு. காதைக் காப்பது முக்கியம், செவிக்காப்பும் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, 'எகிறல்' தானே. 'மீள்தெறிப்பு' என்று முன்பு வந்த பரிந்துரையைவிட எகிறல் நன்றாக இருக்கிறது. அடிப்பவர்கள் சொல்வதே அதுதான்.

சொல்லடைவுக்கு என் வரைவு இது:

பட்டடைமணை (பெ.): உலோகத்தை அடித்து உருவாக்கும் வேலையில், பட்டடையை உரிய உயரத்தில் அசையாமல் பிணைத்து வைக்கும் அடிக்கட்டுமானம். வகைகள்: கட்டைமணை, அடுக்குமணை, முக்காலிமணை, மணல்மணை.

இடைப்படுகை மட்டும் எனக்கே முழு நிறைவாக இல்லை. நீளமாக இருக்கிறது, புவியியல் வாடையும் அடிக்கிறது. 'அடிமெத்தை' என்று யோசித்தேன். ஆனால் மெத்தை என்றால் அழுந்தும் தன்மை வந்துவிடும், பட்டடைக்கு அடியில் எதுவும் அழுந்தக் கூடாது. அந்தப் பொருள் இல்லாத சின்னச் சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். மற்ற சொற்களுக்கு மறுப்பு ஏதும் வராவிட்டால் சொல்லடைவில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்.