"வீக் ஸ்டிரைக்" – தமிழில் மெல்லடியா, குறைபதிவா?

அன்பு நண்பர்களுக்கு,

வெள்ளிக் காசுகளைத் தரம் பிரிக்கும் பகுதிக்கான சொற்பட்டியலில் "வீக் ஸ்டிரைக்" என்பதற்கு "மங்கலான அச்சு" என்று இருக்கிறது. இது உதவாது. காசு மங்கலாகத் தெரிய மூன்று காரணங்கள் உண்டு: கைமாறிக் கைமாறித் தேய்ந்திருக்கலாம், அக்கசாலையில் (நாணயம் அடிக்கும் ஆலையில்) அடிக்கும்போதே உலோகம் அச்சின் பள்ளத்துக்குள் முழுதாக ஏறாமல் போயிருக்கலாம், அச்சே பல காசுகளை அடித்து ஓய்ந்திருக்கலாம். "மங்கல்" மூன்றையும் விழுங்கிவிடுகிறது. தரம் போடுபவருக்கு முதலாவது மட்டுமே புழக்கத்தின் அடையாளம். காசின் தரத்தைக் குறிக்கும் 70 புள்ளி அளவையில், உச்சியில் லேசான தேய்மானம் இருந்தாலும் காசு 58ஐத் தாண்டாது. புழங்காத காசோ, எவ்வளவு மோசமாக அடிக்கப்பட்டிருந்தாலும் 60க்குக் கீழே இறங்காது. என் முன்மொழிவு "குறைபதிவு"; எதிர்ச்சொல் "முழுப்பதிவு".

---

> என் முன்மொழிவு "குறைபதிவு"

குறைப்பிரசவம் என்கிறோமே, இங்கே ஒற்று மிகாதா ஐயா? "பதிவு" என்றதும் பத்திரப் பதிவுதான் நினைவுக்கு வருகிறது. காசு "அடிப்பது" என்பதே நம் வழக்கு. அதை வைத்து "மெல்லடி" என்றால் சுருக்கமாக இருக்கும். "குறையடி" என்று போனால் யாப்பிலக்கணக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

---

குறைந்த பதிவு, குறைகின்ற பதிவு என்று விரிவதால் குறைபதிவு வினைத்தொகை, ஒற்று மிகாது.

"மெல்லடி" காதுக்கு இனிமைதான், ஆனால் காரணத்தைத் தவறாகச் சொல்கிறது. அடி மெதுவாக விழுந்ததால் மட்டும் இது வருவதில்லை. மேலச்சுக்கும் கீழச்சுக்கும் இடையே இடைவெளி கூடுதலாக வைத்திருந்தாலும், வில்லை (அச்சடிக்கப்படாத உலோக வட்டு) மெலிந்திருந்தாலும், சரியாகப் பதப்படுத்தாமல் கெட்டியாக இருந்தாலும் இதே விளைவுதான். வடிவமைப்பே காரணமாவதும் உண்டு. ஒரு பக்கத்தின் மிக உயர்ந்த மேட்டுக்கு நேர் பின்னால் மறுபக்கத்திலும் உயர்ந்த மேடு இருந்தால், நடுவிலுள்ள உலோகம் இரண்டு பள்ளங்களையும் நிரப்பப் போதாது. 1921 பீஸ் டாலர் என்ற அமெரிக்க வெள்ளிக் காசில் புடைப்பு மிக உயரம். நடுவில் பெண் உருவத்தின் தலைமுடி சரியாக ஏறாத காசுகள் ஏராளம். 1922இல் புடைப்பைத் தணித்துவிட்டார்கள். இதற்கெல்லாம் "மெல்லடி" பொருந்தாது.

கண்டுபிடிக்கும் முறையையும் வரையறையிலேயே சேர்க்கலாம். மோர்கன் டாலர் என்ற அமெரிக்க வெள்ளிக் காசை எடுத்துக்கொள்வோம், குறிப்பாக நியூ ஆர்லியன்ஸ் அக்கசாலையின் 1892ஆம் ஆண்டுக் காசு. முன்பக்கப் பெண் தலையில் காதுக்கு மேலுள்ள முடி தட்டையாக இருக்கும். பின்பக்கம் கழுகின் மார்பிலும் இறகு இருக்காது. இவ்விரண்டும் எதிரெதிர் மேடுகள், அதனால் முதலில் நிரம்பாமல் போகும் இடங்கள். சிக்கல் என்னவென்றால், தேய்மானமும் முதலில் தொடுகிற இடங்களில் இவையும் அடக்கம். ஆகவே இடத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, மேற்பரப்பைத்தான் பார்க்க வேண்டும்.

மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு ஒற்றை விளக்கின் கீழ் காசை விளிம்பில் பிடித்து மெல்லச் சாய்த்துச் சுற்றுங்கள். முதலில் கன்னம். அது அகலமான, மேடான வெற்றிடம். உரசல் அங்கே தப்பாது. ஒளிப்பட்டை (சாய்க்கும்போது பரப்பில் நகரும் வெளிச்சக் கீற்று) கன்னத்தின் மேல் அறுபடாமல் ஓடினால், காதோர முடி மட்டும் புழக்கத்தில் தேய்ந்திருக்க வழியில்லை. அடுத்து 10 மடங்கு லென்சில் அந்தத் தட்டை இடம். குறைபதிவென்றால், அடிப்பதற்கு முன்பே வில்லையில் இருந்த குட்டிக் குட்டிக் கீறல்களும் குழிகளும் அப்படியே நிற்கும். அச்சின் அடி தொட்டு அவற்றை நசுக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. மேடு உருண்டையாக, விவரம் படிப்படியாக அடங்கும். நிறம் சுற்றுப்புறத்தோடு ஒத்திருக்கும். தேய்மானத்தில் உச்சி சீவியதுபோல் வழவழப்பாகி, சாம்பல் நிறம் ஏறி, ஒளிப்பட்டை அதன் விளிம்பில் சட்டென நின்றுவிடும்.

---

முறை சரி. இரண்டு எச்சரிக்கைகள்.

ரசாயனத்தில் முக்கி எடுத்த காசில் ஒளிப்பட்டை முழுப்பரப்பிலும் செத்துப்போயிருக்கும். அங்கே கன்னச் சோதனை பொய் சொல்லும். வில்லைக் கீறல்கள் மட்டுமே துணை. தராசையும் நம்பாதீர்கள். மோர்கன் டாலரின் எடை 26.73 கிராம், லேசான தேய்மானத்தில் குறைவது மிகச் சொற்பம், தராசில் பிடிபடாது. எடை நன்றாகவே குறைந்திருந்தாலும் மெலிந்த வில்லையாக இருக்கலாம், அதுவே குறைபதிவுக்கும் காரணமாகலாம்.

சொற்கள் பற்றி: அச்சு ஓய்ந்த நிலைக்கு "அச்சுத் தேய்வு" என்று தனிச்சொல் வேண்டும். அதில் எழுத்துகளின் கால்கள் விளிம்பை நோக்கி இழுபட்டு, ஆரக்கோடுகள் தெரியும்; ஒளியோ நன்றாகவே இருக்கும். எண்ணெய்ப்பசையும் தூசியும் அச்சின் எழுத்துப் பள்ளத்தில் அடைந்துகொண்டால் ஓரெழுத்தோ ஓர் இலக்கமோ மட்டும் காணாமல் போகும். பக்கத்து எழுத்து கூர்மையாக இருக்கும். அதற்கு "அச்சடைப்பு" பொருத்தம். குறைபதிவில் சேர்க்க வேண்டாம்.

---

மெல்லடியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். குறைபதிவு, அச்சுத் தேய்வு, அச்சடைப்பு மூன்றும் ஏற்பு. ஒன்று பாக்கி: கையால் சம்மட்டி கொண்டு அடித்த பழைய வெள்ளிக் காசுகள். அவற்றில் மேலச்சு சாய்ந்து ஒரு பக்க ஓரம் மட்டும் விழாமல் போவது சர்வசாதாரணம். நேர் பின்னாலும் அதே ஓரம் தட்டையாக இருக்கும். இதையும் குறைபதிவு என்றே எழுதி "ஓர", "நடு" என்று அடைமொழி சேர்க்கலாமா, தனிச்சொல் தேவையா? ஓரக் குறைபதிவு போதும் என்பது என் எண்ணம்.