விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) கடைசி வருஷம்: ஷோரீலில் எதை வைப்பது, எதை எடுப்பது?

பொடிநடை:
போட்டோகிராபி, எடிட்டிங், டிசைன், ரேடியோ, விளம்பரம் என்று எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் படித்தாயிற்று. அத்தனையையும் சேர்த்து 4 நிமிஷ ஷோரீல் (செய்த வேலைகளின் மாதிரித் தொகுப்பு வீடியோ) ஒன்று வைத்திருக்கிறேன். எடிட்டிங், ஒலிப்பதிவு, காபிரைட்டிங் (விளம்பர வாசகம் எழுதுவது) என எந்த வேலைக்கும் அதையேதான் அனுப்புகிறேன். பதிலே வருவதில்லை. எங்கே தப்பு? தியரி பேப்பர்கள் வேலைக்கு உதவுமா?

வெட்டொட்டி:
எல்லோருக்கும் ஒரே ரீல், அதுதான் தப்பு. ஆள் எடுப்பவர் ஒரு நாற்காலிக்குத்தான் ஆள் தேடுகிறார். வேலைக்கு ஒரு ரீல், 60 முதல் 90 விநாடி, நல்ல ஷாட் முதலில்.

எடிட்டர் வேலைக்குப் பாட்டுக்கு வெட்டிய மான்டாஜ் (துண்டு ஷாட்களின் தொகுப்பு) மட்டும் போதாது. தாளம் தெரியும் என்பதற்கு மேல் அது எதையும் காட்டாது. இரண்டு பேர் பேசும் முழுக் காட்சி ஒன்றைத் தனியாக இணையுங்கள். ஒருவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்து வெட்டுகிறீர்களா, அதற்கு முன்பே கேட்பவர் முகத்துக்குப் போகிறீர்களா என்றுதான் பார்ப்பார்கள். குழுவாக எடுத்த படமென்றால் உங்கள் பங்கு என்ன என்று ஒவ்வொரு துண்டிலும் எழுதிவிடுங்கள். நண்பர் வைத்த ஷாட்டுக்கு என்ன லென்ஸ் என்று நேர்காணலில் கேட்டால் முழிக்க வேண்டியிருக்கும்.

மொபைலில் எடுத்த கிளிப்பில் பிரேம் ரேட் (விநாடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) பெரும்பாலும் நிலையாக இருக்காது. அப்படியே டைம்லைனில் போட்டால் போகப் போக உதடும் குரலும் விலகும். முதலில் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான பிரேம் ரேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் படம் துடித்தால் காரணம் ஷட்டர் வேகம். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் 1/50 அல்லது 1/100 விநாடி வையுங்கள்.

அறைச்சத்தம்:
ஒலி பக்கமும் யோசியுங்கள், கேமராவுக்கு நிற்கும் கூட்டம் இங்கே இல்லை. மாணவர் படங்களில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்பதற்குக் காரணம் மலிவான மைக் அல்ல, தூரம். தூரம் இரட்டிப்பானால் நேரடிக் குரல் 6 டெசிபல் இறங்கும். அறையின் எதிரொலியோ கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். கேமரா மேல் மாட்டிய மைக்கை நம்பாதீர்கள். பூம் (நீளக் கம்பில் மாட்டிய மைக்) ஃபிரேமுக்குச் சற்று வெளியே, காலர் மைக் முகவாய்க்கு ஒரு சாண் கீழே.

ஒலிப்பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் இருக்கட்டும். சத்தமாகப் பேசும் இடம் மீட்டரில் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் போதும், சிவப்பைத் தொட்டால் மீட்க முடியாது. காட்சி முடிந்ததும் யாரும் அசையாமல் 30 விநாடி ரூம் டோன் (அந்த இடத்தின் வெறும் பின்னணிச் சத்தம்) எடுங்கள். ஷாட்டின்போது மின்விசிறி ஓடியிருந்தால் அப்போதும் ஓட வேண்டும். இது இல்லாவிட்டால் வசன இடைவெளிகளில் சத்தம் பொசுக்கென்று செத்துவிடும், வெட்டு காதில் தெரியும்.

ரீலில் ஒரே காட்சியை மிக்ஸுக்கு (ஒலிகளைக் கலந்து சமன்படுத்துவதற்கு) முன்னும் பின்னும் காட்டுங்கள். ஐரோப்பிய ஒளிபரப்பில் ஒலி எவ்வளவு சத்தமாக இருக்க வேண்டும் என்பதற்கான ஆர் 128 அளவுகோல் மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு). அப்படி ஒரு எண் உண்டு என்று தெரிந்திருப்பதே பாதி வேலை.

பொடிநடை:
நன்றி. காபிரைட்டிங்குக்கு என்ன காட்டுவது?

மூன்றாம்பத்தி:
ரீலே வேண்டாம். மூன்று விளம்பரத் தொடர் போதும். ஒவ்வொன்றிலும் ஒரே யோசனை போஸ்டர், 30 விநாடி ரேடியோ, மொபைல் திரை மூன்றிலும் வர வேண்டும். போஸ்டர் வரியை அப்படியே ரேடியோவில் படித்துவைத்தால் அது யோசனை அல்ல, வெறும் வரி. ரேடியோ ஸ்கிரிப்டைக் கடிகாரம் வைத்து வாய்விட்டுப் படியுங்கள். 26 விநாடியில் முடிந்தால்தான் பொருளின் பெயர் சொல்ல மூச்சு மிஞ்சும். கற்பனை விளம்பரம் என்றால் ‘பயிற்சிக்காகச் செய்தது’ என்று போடுங்கள்.

தியரியா? தொடர்பியல் அறிஞர் லாஸ்வெல் 1948இல் கேட்டதைப் பாருங்கள்: யார், என்ன சொல்கிறார், எந்த வழியில், யாரிடம், என்ன விளைவோடு? விளம்பர ஏஜென்சியின் பிரீஃபில் (வேலைக்கான குறிப்பில்) இருப்பதும் இதேதான். ஒவ்வொரு தொடருக்கு மேலும் இந்த ஐந்துக்கும் ஐந்து வரி எழுதுங்கள். செய்திக்குறிப்பு, நிறுவனத் தொடர்பு வேலைகளுக்கும் இதே பயிற்சி செல்லும்.

வெட்டொட்டி:
இன்னொன்று. அனுப்புமுன் லிங்க்கை இன்காக்னிட்டோவில் திறந்து பாருங்கள். அனுமதி கேட்கும் டிரைவ் லிங்க்குக்காக யாரும் மெனக்கெட மாட்டார்கள்.